பானை ஓட்டைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் காரைக்குடி வட்டாரப் பள்ளிகள் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு வேனில் அழைத்துப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல காரியம்தான். 2023 மார்ச்சில் திறந்த அந்தக் கட்டடமே செட்டிநாட்டுப் பாணி என்பதால், "நம்ம ஊர் வீடு மாதிரியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். அப்புறம் வரிசையாக நடந்து, பலகையில் உள்ளதை நோட்டில் எழுதிக்கொண்டு வெளியே வந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதோடு சரி. மறுநாள் கேட்டால் "ரெண்டாயிரத்து அறுநூறு வருஷம் பழசு சார்" என்பார்கள். அது எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியைச் சோதித்துத்தான் கி.மு. 580 என்ற கணக்கு வந்தது என்று நாமும் சொல்வதில்லை.

நான் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏழாம் வகுப்பில் ஒருமுறை வீட்டுப் பரணில் கிடந்த பித்தளைப் படிக்கத்தைப் பெயர் சொல்லாமல் மேசைமேல் வைத்தேன். பூச்சாடி என்றான் ஒருவன், உண்டியல் என்றான் இன்னொருவன். அடி கனமாக இருக்கிறது, தட்டினாலும் சாயாது என்று கண்டுபிடித்தார்கள். கடைசியில் ஒரு பெண்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்து, புளி போட்டுத் தேய்க்க விரல் எட்டாத கழுத்து மடிப்பில் செங்காவிக் கறை இருப்பதைக் காட்டினாள். "வெத்தலை போட்டுத் துப்புறது சார்!" வகுப்பே முகம் சுளித்தது. கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், ஊகித்தது மறுபக்கம் என்று கரும்பலகையில் கோடு போட்டு எழுதினோம். தொல்லியலார் செய்வதும் அதைத்தானே.

இந்தப் பழக்கம் வந்த பிள்ளையிடம் கருப்பு சிவப்புப் பானை ஓட்டைக் காட்டிப் பாருங்கள். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, ஏன்? கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உட்புறத்துக்குக் காற்றுப் போகவில்லை, வெளிப்புறத்துக்குப் போனது. இதை அவர்களே பேசிப் பேசிக் கிட்டத்தட்ட எட்டிவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மங்கு என்கிற பீங்கான் சாமானும் எனாமல் தூக்கும் குவிந்து கிடக்கின்றன. அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து ஸ்வீடனில் செய்தது என்று சொல்லிவிடலாம். எந்த ஊர், எந்த வீடு, யாருடைய கல்யாணச் சீர் என்பது போனது போனதுதான். கீழடியில் 'குவிரன் ஆதன்' என்று ஆள் பெயர் கீறிய பானை ஓட்டுக்கு, அது கிடைத்த குழியும் மண்ணடுக்கும் பதிவில் இருக்கின்றன. அதனால்தான் அந்த உடைசலுக்கு அவ்வளவு மதிப்பு. ஆகவே கண்மாய்க் கரையில் முதுமக்கள் தாழியோ பானை ஓடோ தென்பட்டால் பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் பாடமாக வைக்க வேண்டும். மண்ணுக்குள் கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆர்வக் கோளாறில் சில ஆசிரியர்களே ஓடு பொறுக்கி வரச் சொல்வது வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் கையில் எதைக் கொடுப்பது? மானாமதுரைக் குயவர்கள் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லி, தாழி, நூல் நூற்கும் தக்களி, விளையாட்டு வட்டச்சில்லு எல்லாவற்றுக்கும் மாதிரிகள் செய்து வாங்கலாம். சிலவற்றை உடைத்துப் பள்ளி மைதான ஓரத்தில் செம்மண், மணல், சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டுப் புதைத்தால் ஒரு பயிற்சிக் குழி தயார். கரண்டியும் பிரஷ்ஷும் அளவு நாடாவும் பெரிய செலவில்லை. கல்வித் துறையும் தொல்லியல் துறையும் பேசி, வரும் கல்வியாண்டில் ஒன்றியத்துக்கு ஒரு நடுநிலைப் பள்ளியிலாவது இதைத் தொடங்க வேண்டும். படிக்கம் வேண்டுமென்றால் என் வீட்டிலிருந்தே தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
காரைக்குடி வட்டம்