நுவரெலியா வீட்டுத் தொட்டியில் எந்த மீனை எந்த மீனோடு விடுவது?

அன்பு மகளுக்கு,

கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய மீன் பட்டியலும் கிடைத்தன. கோல்ட் பிஷ் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, நியோன் டெட்ரா பத்து, டைகர் பார்ப் நான்கு, பைட்டர் ஒன்று, போதாக்குறைக்குக் கப்பி வேறு. தனித்தனியே பார்த்தால் எல்லாமே கண்ணைப் பறிக்கும் மீன்கள்தான். ஆனால் இரண்டடித் தொட்டி ஒன்றுக்குள் இவை அனைத்தையும் விட்டால் சில கிழமைகளில் அழகு போய்ச் சண்டைதான் மிஞ்சும். முதலில் தண்ணீரின் சூட்டையும், அடுத்து மீனின் குணத்தையும் பார். நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

கம்பளையில் நம் வீட்டுத் தொட்டிக்கு ஹீட்டர் இல்லையே, எனக்கு மட்டும் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். நீ இருக்கும் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான், தை மாசியில் புல்லின்மேல் உறைபனி படியும் இரவுகளும் உண்டு. ஏஞ்சல், நியோன், கப்பி, பைட்டர் எல்லாம் 24 பாகையை ஒட்டிய தண்ணீரில் சுகமாக இருப்பவை. குளிர்ந்த தண்ணீரில் அவை உடனே சாகாவிட்டாலும், தீனி எடுக்காமல் செட்டையை மடக்கிக்கொண்டு மூலையில் நின்று, கடைசியில் வெள்ளைப் புள்ளி நோய்க்கு இரையாகிவிடும்.

ஹீட்டரே வேண்டாம் என்று நீ முடிவு செய்தால், தெற்குச் சீனாவின் மலை ஓடைகளிலிருந்து வந்த வைட் கிளவுட் என்னும் சிறு மீன் இருக்கிறது. 14 முதல் 22 பாகை வரையிலான தண்ணீரே அதற்குப் பிடிக்கும், பத்துப் பன்னிரண்டாக விட்டால் செட்டைகளின் சிவப்பு நன்றாகத் தெரியும். கோல்ட் பிஷ்ஷும் குளிரைத் தாங்கும்தான், ஆனால் அது பெருத்து வளர்வது, கழிவும் மிகுதி. உன் தொட்டி அதற்குப் போதாது.

என்னைக் கேட்டால் ஹீட்டர் வாங்கிவிடு என்பேன். இரண்டடித் தொட்டி 54 லீற்றர் கொள்ளும். கீழ்நாட்டில் 50 வோற் போதும் என்றாலும் உங்கள் ஊர்க் குளிருக்கு 100 வோற் வேண்டும். தொட்டிக்கு அடியிலும் பின்புறத்திலும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) தகடு வைத்தால், மின்சாரம் நின்றுபோகும் இரவில் சூடு மெதுவாகவே இறங்கும். ஹீட்டர் வந்துவிட்டால் நம் நாட்டுக்கே உரிய செரி பார்ப்பை வளர்க்கலாம். களனி கங்கைக்கும் நில்வலா கங்கைக்கும் இடைப்பட்ட ஈரவலயத்து நிழல் ஓடைகளில், உதிர்ந்த இலைகளுக்கு மேலே திரியும் இந்த மீனுக்கு 1929ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் சூட்டியவர் பி. இ. பி. தெரணியகல. கடைத் தொட்டியில் அது வெளிறிப்போய் நிற்பதைப் பார்த்து யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஆண் மூன்றும் பெண் ஐந்துமாக விட்டு, செடி நட்டு, ஒளியைக் குறைத்துப் பார். ஆண்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வந்து, செட்டைகளை விரித்து, வட்டமிட்டுச் சுற்றுகையில் உடல் முழுவதும் செரிப்பழச் சிவப்பு ஏறிவிடும். ஒருவரை ஒருவர் காயப்படுத்துவதில்லை, வெறும் பகட்டுத்தான். ஓடையிலிருந்து பிடித்து வந்ததை வாங்காமல், பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்கு.

இவற்றோடு நியோன் பத்தை விடலாம். சிவப்புக்கு நீலம் எடுப்பாக இருக்கும், இரண்டுக்கும் 24 பாகை ஒத்துவரும், இரண்டும் சாது. பட்டியலில் உள்ள மற்றவற்றை அடித்துவிடு. டைகர் பார்ப் நீண்ட செட்டைகளைக் கண்டால் கடித்துப் பிய்க்கும், அதனால் ஏஞ்சலும் பைட்டரும் அதனோடு நிம்மதியாக இருக்க முடியாது. ஏஞ்சலோ உள்ளங்கை அளவுக்கு வளர்ந்ததும் நியோனைத் தீனியாகவே பார்க்கும். நீண்ட வாலுள்ள ஆண் கப்பியைப் பைட்டர் தன் இனத்துப் போட்டியாளன் என்று எண்ணிப் பாயும். பாசி தின்னும் என்று கடைக்காரர் டேங்க் கிளீனர் என்னும் மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார், வாங்காதே. அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் கிரகரி வாவியில் கொண்டுபோய் விடும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைநாட்டுப் பாறையில் சுண்ணாம்பு குறைவாதலால் மலை ஊற்றிலிருந்து வரும் நம் பீலித் தண்ணீர் மென்மையானது. செரி பார்ப்புக்கும் நியோனுக்கும் அதுதான் தேவை, கப்பிக்குத்தான் சற்றுக் கடின நீர் வேண்டும். எனினும் தேயிலை மலைக்குள்ளோ மரக்கறித் தோட்டத்துக்குள்ளோ ஓடிவரும் பீலியாக இருந்தால் எடுக்காதே. 1946இல் இந்நாட்டுத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியதிலிருந்து செப்புக் கலந்த மருந்துகளைத் தெளித்து வருகிறார்கள்; மென்மையான தண்ணீரில் செம்பின் நஞ்சு இன்னும் கடுமையாகும், நத்தையும் இறாலும் முதலில் சாகும். குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் போக வாளியில் திறந்தபடி ஒரு நாள் வைத்திரு.

மீன் விடுவதற்கு அவசரப்படாதே. கழிவிலிருந்து வரும் அமோனியாவை முறிக்கும் பக்டீரியா பில்டரில் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு கிழமை ஆகும். அதுவரை ஹீட்டரை ஓடவிட்டு, வெறும் தொட்டிக்கே சிட்டிகைத் தீனி போட்டு வை. குளிரில் அந்தப் பெருக்கம் மேலும் தாமதமாகும்.

மீன்களைக் கண்டியில் நானே பார்த்து வாங்கி வருகிறேன். புசல்லாவை தாண்டி றம்பொடை ஏற்றத்தில் பஸ் ஏறும்போதே குளிர் அடிக்கத் தொடங்குவதால், பைகளைப் பழைய பத்திரிகையில் சுற்றி ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். வந்ததும் பையைத் திறக்காமல் தொட்டித் தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்கவிட வேண்டும். பில்டரை ஓடவிட்ட திகதியை எனக்கு எழுது. அதிலிருந்து ஆறு கிழமையைக் கணக்கிட்டு, பாடசாலை விடுமுறையோடு பொருந்தும் நாளாகப் பார்க்கிறேன். அதற்கிடையில் ஒரு வெப்பமானி வாங்கி, விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் எத்தனை பாகை காட்டுகிறது என்பதைத் தொடர்ந்து குறித்து வை.

அன்புடன்,
அப்பா