மச்சானுக்கு, பாண் ஓட்டோ புகுந்த வயலின் பற்றி

மச்சான்,

எட்டு மாதமாய் ஒரு வரி எழுதவில்லை என்று நீ ஏசுமுன் நானே ஒப்புக்கொள்கிறேன். நீ அனுப்பிய மூன்று குரல் பதிவுகளையும் கேட்டேன், பதில் சொல்லத்தான் பஞ்சிப்பட்டேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நெட்டையன் மறுபடியும் மோட்டார் சைக்கிள் மாற்றிவிட்டான், ஏன் என்று உனக்கே தெரியும். கிணற்றடி மாமரம் இந்த வருசமும் ஏமாற்றிவிட்டது. சரி, ஊர்ச் செய்தி முடிந்தது.

நான் ஒரு ஓர்கெஸ்ட்ரா செய்துகொண்டிருக்கிறேன். சிரிக்காதே. இதைச் சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை, வீட்டில் சொன்னால் "அப்ப எவ்வளவு தருவாங்கள்?" என்று கேட்கிறார்கள். கொம்பியூட்டரில் மெட்டுப் போடுகிற ஒரு பிள்ளை கீபோர்டில் கட்டையை அழுத்தினால் உண்மையான வயலின் கேட்க வேண்டும், அதற்கு யாரோ ஓர் ஆள் ஒவ்வொரு சுரமாக வாசித்து, அதைப் பதிந்து வெட்டி அடுக்கி வைத்திருக்க வேண்டும். அதுதான் சாம்பிள் லைப்ரரி. நல்லதை வாங்கப் போனால் நூற்றுக்கணக்கான டொலர், அதனால் திருட்டுப் பிரதிதான் ஓடும், நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம், உன் பழைய சிடியை நான் மறக்கவில்லை. இலவசமாகவும் இருக்கின்றன. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1997இலிருந்து எதிரொலியே இல்லாத அறையில் வாத்தியம் வாத்தியமாகப் பதிந்து, யாரும் எதற்கும் எடுக்கலாம் என்று விட்டிருக்கிறது. வெர்சிலியன் ஸ்டூடியோஸ் தங்கள் ஓர்கெஸ்ட்ராவின் ஒரு பதிப்பை உரிமையே வேண்டாம் என்று பொதுவில் போட்டிருக்கிறது. அவற்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது, எங்கள் வயலின் சேர் உவர்மலையில் சும்மாதானே இருக்கிறார்.

தொடங்கியது 2022 மார்ச் கடைசியில், 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது. புழுக்கம் தாங்காமல் சேர் வீட்டு விறாந்தையில் இருந்தோம், அவர் இருட்டில் ஏதோ வாசித்தார், நான் லப்டொப் பற்றரியில் பதிந்தேன். பிறகு கேட்டால் அப்படி ஓர் அமைதி! ஃபிரிட்ஜ் இல்லை, ஃபேன் இல்லை, வயரில் இருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் இல்லை. நாடே ஸ்டூடியோவாகிவிட்டது, நாங்கள் வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

கரண்ட் திரும்பி வந்ததும் அந்த அமைதியைத் தேடிப் பட்ட பாடு சொல்லி மாளாது. ஸ்டோர் அறையில் சுவரோடு இரண்டு தும்பு மெத்தை, யன்னலுக்குப் பன்பாய், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இரவு இரண்டு மணிக்குத் தொடங்குவோம், நாலரைக்குக் கோயில் ஸ்பீக்கர் எழும்பும்வரைதான் எங்கள் நேரம். ஒருநாள் சேர் நிறுத்த மாட்டேன் என்று விடியும்வரை வாசித்தார். ஜி தந்தியில் ஆறு விநாடி நீளும் சுரம், வில் அரக்கு உரசுவது வரை கேட்கிறது, அவ்வளவு அழகு, அதன் வாலில் தூரத்தில் பாண் விற்கிற ஓட்டோ போடும் பீத்தோவன் மெட்டு. ஓடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் கருவியைப் போட்டேன். அது ஃபேன் மாதிரி ஒரே சீராய் இரையும் சத்தத்துக்குத்தான் சரிவரும், மெட்டுக்குச் சரிவராது. பீத்தோவன் அப்படியே நின்றார், வயலின்தான் தண்ணீருக்குள் போனது.

கணக்கைச் சொல்கிறேன், கேள். கீழ் ஜி, அதாவது கீபோர்டுக் கட்டைகளுக்குக் கொம்பியூட்டர் வைத்திருக்கும் மிடி எண்ணில் 55, அதிலிருந்து 91 வரை மூன்று கட்டைக்கு ஒரு சுரம், ஆக 13. இழுத்து வாசிப்பது மெல்லியது, நடுத்தரம், பலமானது என்று மூன்று, ஒவ்வொன்றும் இரண்டு தடவை, 78. வெட்டி வாசிப்பது சுரத்துக்கு எட்டு, 104. விரலால் சுண்டுவது நாலு, 52. மொத்தம் 234. ஏன் ஒன்றையே பல தடவை என்று கேட்பாய். ஒரே பதிவை வேகமாய் நாலு தரம் தட்டிப் பார், காது உடனே பிடித்துவிடும். வெளிநாட்டுக்காரர் அதை மெசின்கன் சத்தம் என்கிறார்கள். எங்களுக்கு அந்த உவமை வேண்டாம் மச்சான், நான் தையல் மெசின் என்றுதான் சொல்கிறேன்.

ஆடர் என்ற மென்பொருளில் பதிந்து, துண்டு போட்டு, ஃபிளாக் என்ற ஒலிக் கோப்பாக மாற்றி, கடைசியில் எஸ்எஃப்இஸட் என்று ஒரு கோப்பு எழுத வேண்டும். வெறும் எழுத்துத்தான்: 54 முதல் 56 வரை எதை அழுத்தினாலும் 55இன் பதிவைப் போடு. நான் 56க்குப் பதில் 65 என்று அடித்துவிட்டு, சுரத்துக்கு இரண்டு வயலின் சண்டை பிடிப்பதை ஒரு கிழமை மைக்கின் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். அதைவிடக் கொடுமை லூப். கட்டையை எவ்வளவு நேரம் அமத்தினாலும் சத்தம் நிற்கக்கூடாது, ஆகவே நடுத் துண்டு சுற்றிச் சுற்றி வர வேண்டும். சேரின் விரல் விநாடிக்கு ஐந்தாறு தரம் அதிரும். வெட்டுகிற இடத்தில் அந்த அதிர்வு பாதியில் நின்றால் சுரம் நொண்டும். ஒரு சுரத்துக்கு ஓர் இரவு போயிருக்கிறது.

இவ்வளவும் முடிந்து இப்போது ஒரேயொரு கோப்புத்தான் வெறுமையாய்க் கிடந்தது. உரிமைக் கோப்பு. கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற பொது உரிமங்களில் சிசி ஸீரோ போட்டால் யாரும் எடுக்கலாம், விற்கலாம், ஒருவர் பெயரும் சொல்லத் தேவையில்லை. சிசி பை போட்டால் பெயர் சொல்லியே ஆக வேண்டும். எதைப் போட்டாலும் பிறகு திரும்ப எடுக்க முடியாது. இசை போடுகிறவர்களுக்கு முதலாவதுதான் விருப்பம், ஒரு பாட்டுக்குள் நாற்பது பேரின் சாம்பிள் கிடந்தால் நாற்பது பெயரை எங்கே எழுதுவது? நியாயம்தான். ஆனால் எனக்கு அந்தக் கசெட் ஞாபகம் வந்துவிட்டது. முழுக்க சேர்தான் வாசித்தார், உறையில் அச்சகத்தின் பெயர்கூட இருந்தது, சேர் இல்லை. நீயும் நானும் கடை வாசலில் நின்று அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே, சேருக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோமே. இப்போது அதையே நான் என் கையால் செய்வதா? இரண்டு மாதம் அந்தக் கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாய் இருந்தேன். உனக்கு எழுதாததற்கு இதுவும் ஒரு காரணம், நம்பினால் நம்பு.

போன சனிக்கிழமை கீபோர்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரிடமே போனேன். வாசித்துக் காட்டினேன். தலையைச் சரித்துக் கேட்டார்.

"யார் தம்பி இது?"

"நீங்கள்தான் சேர்."

"ஏ கீழ நிக்குது."

எனக்கு நெஞ்சு திக்கென்றது, ஏனென்றால் அவர் ஏ வாசிக்கவே இல்லை. பக்கத்து பி ஃபிளாட்டை அரைச்சுரம் இறக்கி வைத்திருந்தேன். பார்த்தால் அந்த பி ஃபிளாட்டே ஒன்பது சென்ட், அதாவது அரைச்சுரத்தை நூறாய்ப் பிரித்தால் ஒன்பது பங்கு, இறக்கம். ஒரு வரி எழுதினால் திருத்தலாம் சேர் என்றேன். "நீ திருத்துவாய், வாசிச்சது நானெல்லோ" என்றார். அப்புறம்தான் விசயம் விளங்கி அவருக்குக் கோபம் வந்தது. ஏ என்பது வயலினில் விரலே வைக்காத தந்தி, அதையா பதியாமல் விட்டாய்? மூன்று மூன்றாய் எண்ணியதில் ஜியும் ஈயும் தானாய் அகப்பட்டன, டியும் ஏயும் தப்பிவிட்டன. வயலினையே தொடாதவன் போட்ட கணக்கு என்றார். இந்தச் சனி இரவு மறுபடியும் மெத்தை, பன்பாய்.

புறப்படும்போது பெயர் விசயத்தைக் கேட்டேன். என்னத்துக்கடா பெயர் என்று தட்டிவிடுவார் என நினைத்திருந்தேன், அப்படிச் சொன்னால் எனக்கும் லேசு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இரண்டு இனிசலும் போடு, எழுத்துப் பிழை விடாத" என்றார். சிசி பைதான். எடுக்கிறவன் எடுக்கட்டும்.

இப்போது உன்னிடம் வருகிறேன். இங்கே செல்லோ இல்லை. உன் சின்னவள் பள்ளிக்கூட ஓர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறாள் என்று நீதான் பீத்திக்கொண்டாய். கீழ் சியில் தொடங்கி மூன்று கட்டைக்கு ஒன்று, அதோடு நாலு வெறும் தந்தியும், அதை விட்டால் சேர் என்னைக் கொன்றுபோடுவார். ஹீட்டரை நிறுத்து. வாசிக்கு முன்னும் பின்னும் இரண்டு விநாடி சும்மா விடு, தந்தி அடங்குமுன் "சூப்பர்" என்று கத்தாதே, உன்னைத் தெரியும். பதிவின் தரம் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். வாட்ஸ்அப்பில் அனுப்பினாய் என்றால் உறவு முறிந்தது. அவளுடைய பெயரை எப்படிப் போட வேண்டும் என்று அவளே எழுதித் தரட்டும், நீ தலையிடாதே.

பாண் ஓட்டோப் பதிவை அழிக்கவில்லை, உனக்குத் தனியாக அனுப்புகிறேன். காதில் ஹெட்போன் போட்டுக் கேள், மூன்றாவது விநாடியில் வரும்.

உன்
மிருதங்கம்