குரல் இழுபடக் காரணம் வேகம் மட்டுமல்ல

ஆசிரியருக்கு,

இணைய அழைப்பில் குரல் ரோபோ போல இழுபடுவதற்கு 'நெட் வேகம் போதாததே காரணம்' என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தி பாதிதான் சரி. குரலைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் ஓபஸ் கோடெக்கில் நொடிக்கு 16 கிலோபிட்டிலேயே தெளிவாகப் பேசலாம். சிக்கல், குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து செல்கையில் வழியில் தொலையும் பாக்கெட்டுகளில் இருக்கிறது.

ஒரு பாக்கெட்டில் பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் பேச்சு இருக்கும். அது வராவிட்டால், கேட்கும் முனையின் மென்பொருள் கடைசியாக வந்த ஒலியின் அதிர்வுச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஒட்டி இடைவெளியை நிரப்புகிறது. ஜி.711 என்ற பழைய தொலைபேசி கோடெக்குக்கு 1999-இல் வகுக்கப்பட்ட முறையில், முதல் 10 மில்லிசெகண்டுக்குப் பின் ஒலி படிப்படியாகக் குறைந்து 60-இல் அடங்கிவிடும். 'ஆ', 'ஈ' என நீளும் ஒலிகளில் இந்த ஒட்டு தெரியாது. வல்லின மெய் வெடிக்கும் கணமே தொலைந்தால், அதன் சாயல்கூட முந்தைய ஒலியில் இருக்காது. ஓ.டி.பி. எண்ணையோ மருந்தின் பெயரையோ சொல்லும்போது இப்படிப் பூசி மெழுகுவதைவிட வெட்டு விழுவதே மேல். கேட்பவர் 'இன்னொரு தடவை சொல்லுங்க' என்றாவது கேட்பார்.

ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் முகவரி, வரிசை எண் போன்றவற்றைத் தாங்கிய ஐ.பி., யு.டி.பி., ஆர்.டி.பி. நெறிமுறைகளின் ஹெடர்கள் சேர்ந்து 40 பைட். நொடிக்கு 50 பாக்கெட் என்றால் ஹெடருக்கே 16 கிலோபிட் போகிறது. இதை மிச்சம்பிடிக்க 60 மில்லிசெகண்டை ஒரே பாக்கெட்டில் கட்டுகிறார்கள். செலவு 5.3 கிலோபிட்டாக இறங்கும்தான். ஆனால் ஒன்று தொலைந்தாலே ஒட்டுப்போட முடியாத நீளத்துக்கு ஓட்டை விழும். ஒரு பாக்கெட் 40 மில்லிசெகண்டைத் தாண்டாமலிருப்பது நல்லது.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தையதன் தரம் குறைந்த நகலைச் சேர்த்தனுப்பும் எஃப்.இ.சி. வசதி ஓபஸில் உண்டு. அதை ஆன் செய்வதோடு, எதிர்பார்க்கும் இழப்புச் சதவீதத்தையும் கொடுக்க வேண்டும். அது பூஜ்யமாக இருந்தால் நகல் சேரவே சேராது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வரும் பாக்கெட்டுகளைச் சற்றே தேக்கிவைத்துச் சீராக எடுத்துத் தரும், கேட்கும் முனையின் ஜிட்டர் பஃபர் அடுத்த பாக்கெட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். வந்ததும் அதை முதலில் நகலுக்காக ஒருமுறை, பிறகு வழக்கம்போல ஒருமுறை என இரண்டு தடவை டீகோட் செய்ய (ஒலியாக விரிக்க) வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தொலைந்தால் இரண்டாவது மட்டுமே மீளும். 2024-இல் வந்த ஓபஸ் 1.5-இன் புதிய மீட்பு வசதி ஏறக்குறைய ஒரு நொடிப் பேச்சுவரை மீட்கும், இரு முனையிலும் அது இருந்தால்.

வழக்கமான வேகச் சோதனையில் இந்த இழப்பு தெரியாது, அச்சோதனை பயன்படுத்தும் டி.சி.பி. நெறிமுறை தொலைந்ததை மறுபடி அனுப்பிவிடுகிறது. நொடிக்கு 50 வீதம் சிறு யு.டி.பி. பாக்கெட்டுகளை அனுப்பி, எத்தனை தொலைந்தன என்பதோடு, எத்தனை அடுத்தடுத்துத் தொலைந்தன என்றும் பார்க்க வேண்டும்.

இணையத் தொலைபேசிப் பணியிலுள்ள வாசகர்கள்,
கோவை.