லப்டொப் கமராவை ஒருக்காப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. மழை தொடங்கிவிட்டது. ஃபோனில் நீ அவசரமாக இருக்கிறாய், நான் சொல்ல வந்ததும் விட்டுப்போகிறது. அதனால் டைப் பண்ணி அனுப்புகிறேன். ஆறுதலாக வாசி.

நீ அனுப்பிய காசில் ரிவி எடுத்தாயிற்று. கஸ்தூரியார் வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி 43 இஞ்சி வாங்கினேன். நீ 55 எடுக்கச் சொன்னாய், எங்கள் விறாந்தைக்கு அது கூடிப்போகும். படம் நல்ல துலக்கம். சத்தம்தான் சரியில்லை. இந்த மெல்லிய ரிவிகளில் ஸ்பீக்கர் பின்னால் கீழே பார்த்தபடி இருக்கிறது, பேச்சு சுவரில் பட்டு மழுங்கி வருகிறது. அம்மாவுக்குச் செய்தி விளங்கவில்லை. எங்கள் கடையை மூடியபோது கொண்டுவந்த பழைய அம்பிளிஃபயரைத் துடைத்து, ரிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வயர் கொடுத்தேன். இப்போது குசினியிலும் வடிவாகக் கேட்கிறது.

யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்டேன். 12 வோல்ட், 7 அம்பியர் அவர். இங்கத்தை வெக்கைக்கு ஈயப் பற்றரி இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காது. ஆனால் நீ ரவுட்டருக்கு என்று வாங்கித் தந்த சின்ன யூபிஎஸ் அருமையான சாமான். பற்றரியிலிருந்து 230 வோல்ட் ஆக்கி, பிறகு அடப்டரால் திரும்பவும் 12 ஆகக் குறைக்கிற வீண் வேலை அதில் இல்லை. 12 வோல்ட் நேரே ரவுட்டருக்குப் போகிறது. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது இது இருந்திருந்தால் எவ்வளவு உதவி. நீ எடுக்கிற நேரம் லைன் இருக்க வேண்டும் என்பதற்காகவே அதை நான் தினமும் பார்த்துக்கொள்கிறேன். இடி முழங்கினால் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். பழைய ரவுட்டர் ரெலிபோன் வயரால் வந்த மின்னலில்தானே போனது. இப்போது ஃபைபர், அந்த வழியால் கரண்ட் பாயாது.

சரி, உன் கமரா. சித்திரைக்குப் பிறகு அது வேலை செய்யவில்லை என்கிறாய். நான் யோசித்துப் பார்த்தேன். முதலில் திரைக்கு மேலே சின்ன மூடி இருக்கிறதா பார், சில லப்டொப்பில் நகர்த்தி மூடுகிற மாதிரி வைத்திருப்பார்கள், கை பட்டு மூடியிருக்கும். கமரா லைட் எரிந்தும் படம் கறுப்பாக வந்தால் பெரும்பாலும் அந்த மூடிதான். லைட்டே எரியாவிட்டால் விண்டோஸ் செற்றிங்ஸில் பிரைவசிக்குள் கமரா என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே அனுமதி நிற்பாட்டப்பட்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் வயர். லப்டொப்பின் கமராவும் பெரும்பாலும் உள்ளுக்குள் யூஎஸ்பிதான், அதன் மெல்லிய வயர் பிணைச்சலுக்குள்ளால் போகிறது. திறந்து மூட அது தேயும். மொறட்டுவையில் இலத்திரனியல் படித்தவனுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. நீ கம்பஸ் எடுபட்ட அன்று கடையில் வந்தவர் எல்லாருக்கும் சோடா கொடுத்தேன், அதை அம்மா இன்றைக்கும் சொல்லுவா. ஆனால் படித்தவன் என்றால் இவ்வளவு மாதம் ஒரு கமராவைத் திருத்தாமல் வைத்திருக்கலாமா? முதலில் அந்த மூடியைப் பார்.

உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. 90 க்குப் பிறகு சண்டையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வருகிற 6 வோல்ட்டை நாலு டையோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்து நேராக்கி றேடியோவுக்குக் கொடுப்பேன். நீ கையால் பெடல் சுற்றுவாய். நீ களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் இறங்கிவிடும். குரலைக் கேட்டே கரண்ட் எவ்வளவு வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் காது இன்னும் போகவில்லை, தம்பி.

முன்பு நீ கதைக்கும்போது பின்னால் குசினிச் சத்தம் கேட்கும், மருமகள் இடையில் வந்து மாமி சாப்பிட்டாச்சோ என்று கேட்பா. இப்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மைக்கில் சுற்றுச் சத்தத்தை வெட்டுகிற வசதி இப்போதைய செயலிகளில் இருக்கிறது, கதைக்கிறவர் குரலை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிடும். அதுவாக இருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வசதியை நிற்பாட்டிவிட்டு ஒருக்கா எடு. எங்களுக்குச் சத்தம் இடைஞ்சல் இல்லை.

உன் படம் வராதபோது வட்டத்துக்குள் உன் பெயரின் முதலெழுத்து வந்து நிற்கிறது. அம்மா அதைப் பார்த்துத்தான் கதைக்கிறா. சாப்பிட்டியா என்று அதைத்தான் கேட்கிறா.

கொக்குவில் மாமி வந்து போனா. காணிக் கதை அப்படியே கிடக்கிறது, அதை யோசிக்காதே. ரிவிக்கு அனுப்பிய காசில் மீதி இருக்கிறது. இனிச் சாமான் ஒன்றும் அனுப்பாதே, எங்களிடம் எல்லாம் இருக்கிறது. லப்டொப் திருத்தச் செலவு கூட என்றால் யூஎஸ்பி வெப்கமரா ஒன்று வாங்கிக் குத்து, வயர் மாற்றுகிற செலவு வராது. கைக்காசு முட்டாக இருந்தால் சொல், நான் அனுப்புகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேலையிலோ வீட்டிலோ எது எப்படி இருந்தாலும் நீ எங்கள் பிள்ளை. இங்கே வந்து ஒரு மாதம் நிற்பதென்றாலும் உன் அறை அப்படியே இருக்கிறது. காரணம் கேட்க மாட்டோம்.

ஞாயிறு எங்களுக்கு இரவு எட்டு மணி, உனக்குக் காலை ஒன்பதரை. அந்த நேரம் எடு. லப்டொப் சரிவராவிட்டால் ஃபோனால் எடு, அதன் கமரா வேறுதானே. தாடி வளர்ந்திருந்தாலும் பரவாயில்லை, மெலிந்திருந்தாலும் பரவாயில்லை. அந்த மூடியை மறக்காமல் பார்.

அன்புடன்,
அப்பா