வலையை இலவசமாகத் தந்த நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தின் கதை என்றாலே 1969 அக்டோபர் 29-ஐத்தான் எழுதுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு, இணையத்தின் முன்னோடி வலையமைப்பு வழியே முதல் செய்தியாக 'லாகின்' (login) என்று அனுப்பப் போய், எல், ஓ என இரண்டே எழுத்து போனதும் கணினி படுத்துவிட்டது. சுவையான சம்பவம்தான், சரி. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 1993 ஏப்ரல் 30. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய, இணையத்தில் பக்கம் விட்டுப் பக்கம் தாவிப் படிக்க உதவும் வைய விரிவு வலையை (www) யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகம் எழுதிக் கொடுத்தது அன்றுதான். அதே ஆண்டு, அப்போது வலையைவிடப் பிரபலமாக இருந்த கோபர் என்ற, இணையத்தில் பட்டியல் வழியே தகவல் தேடும் முறைக்கு மினசோட்டா பல்கலைக்கழகம் கட்டணப் பேச்சை எடுத்ததும் ஆட்கள் விலகத் தொடங்கினார்கள். ஏப்ரல் 30 என்ற தேதியைப் பள்ளிக் கணினிப் பாடத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை