கண்ணாடி முன் ஒரு தாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜான் ஃபோர்டு 1940இல் எடுத்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ஹென்றி ஃபோண்டாவின் நடிப்பைப் புகழ்வதோடு நின்றுவிட்டது. தாயாக வரும் ஜேன் டார்வெல்லை எப்படி மறக்க முடியும்? ஓக்லஹோமா வீட்டை விட்டுக் கிளம்பும் முன், சேர்த்துவைத்த பழைய காகிதங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் போடுகிறாள். பிறகு இரண்டு தோடுகளைக் காதோரம் பிடித்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு வசனம்கூட இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆஸ்கர் அவருக்கு முற்றிலும் தகும்.

ஒரே மனக்குறை: குழந்தையை இழந்த மகள், பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் பாலைக் கொடுப்பதோடு, இந்தப் படத்துக்கு மூலமான ஸ்டைன்பெக்கின் நாவல் முடியும். படத்தில் அந்தக் காட்சி இல்லை.

– வாசகி, மதுரை