பூச்சிக் காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். உடுமலையில் வைத்த பூச்சி, சிலந்திக் காட்சி உங்கள் எல்லோருடைய தயவால் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதில் பெரும்பங்கு பூச்சியியல் பக்கமே போகாதவர்களுக்குச் சேர வேண்டியது. யார் என்ன செய்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்று விவரமாகவே எழுதுகிறோம். நாளைக்கு இன்னொரு ஊரில் இப்படி ஒரு காட்சி வைப்பவர்களுக்கும் பயன்படட்டும்.

முதல் நன்றி, பெரிய ஃப்ரீசரை இரவல் தந்த ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரருக்கு. ஊசியில் குத்திவைத்த பூச்சிக்குப் பெரிய எதிரி உயிரோடிருக்கும் பூச்சிதான். ஆந்த்ரீனஸ் என்ற வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த அதன் புழு, காய்ந்த பூச்சிக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்னும். மேலே இறக்கை அழகாகத்தான் தெரியும். ஊசிக்கு நேர் கீழே பழுப்புத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பாச்சை உருண்டை போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது புதிதாக வருவதைக் கொஞ்சம் தள்ளிவைக்குமே தவிர, உள்ளே இருப்பதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மூடிய அறையில் அதன் புகை மனிதருக்கும் கெடுதல். போதாததற்குத் தெர்மாக்கோலை அது இளக்கிவிடும், ஊசிகள் ஆட்டம் காணும்.

குளிர்தான் சரியான வழி. பெட்டியைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைக்க வேண்டும். வீட்டுப் பிரிட்ஜின் ஃப்ரீசர் மைனஸ் 18-ஐத் தொடுவதே கஷ்டம் என்பதால், அதில் இரண்டு வாரமாவது வேண்டும். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டால் அறையின் ஈரம் பையின் வெளிப்பக்கம் படிந்து காய்ந்துவிடும். அவசரப்பட்டுப் பிரித்தால் அந்த ஈரம் இறக்கையில் இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

தச்சர் அண்ணனுக்கு அடுத்த நன்றி. ஊசியின் நீளம் 38 மில்லிமீட்டர், அடியில் பாலிஎத்திலீன் ஃபோம் 10 மில்லிமீட்டர். இதற்கேற்ப உள்ளாழம் ஆறு சென்டிமீட்டர் வைத்து, மூடி பள்ளத்துக்குள் அமர்ந்து இறுகும்படி இழைத்துத் தந்தார். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் ஆந்த்ரீனஸ் குஞ்சு உள்ளே போய்விடும். மழைக்காலத்தில் பலகை உப்பும் என்று அவரே கணக்குப் போட்டு நன்றாகக் காய்ந்த மரத்தைத்தான் எடுத்தார்.

உயிரோடு காட்டிய பகுதிக்கு வருவோம். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கும் கொல்லைப்புற மரத்திலிருந்து இலை தந்த அக்காமார்களுக்கு நன்றி. சந்தையில் கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை கிடைக்கும்போது எதற்கு வீடு வீடாகக் கேட்கிறார்கள் என்று சிலர் யோசித்திருக்கலாம். சந்தை இலைக்கு இமிடாகுளோபிரிட் மாதிரி ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்து அடித்திருந்தால், அது இலையின் சாற்றிலேயே கலந்திருக்கும். எத்தனை முறை அலசினாலும் போகாது. அந்த இலையைத் தின்ற புழு துடித்து, உள்ளதைக் கக்கிவிட்டுச் செத்துப்போகும்.

மல்பெரி இலை தந்த பட்டு விவசாயிகள் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தரும் நிலையில் இருப்பவர்கள். அதிகாலையில் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி, இலைமேல் தண்ணீர் நிற்காமல் அனுப்பினார்கள். ஒரு பட்டுப்புழு வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை, கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. அந்த நாட்களில் கூடை கூடையாக வந்துகொண்டே இருந்தது.

கொசுப் புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே சொன்ன நகராட்சிப் பணியாளர்களுக்கும், காட்சி முடியும்வரை கொசுவர்த்தியோ மேட்டோ வைக்காமல் வலை கட்டிப் படுத்த இரவுக் காவலர் ஐயாவுக்கும் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். கொசுவைக் கொல்லும் பைரெத்ராய்டு வண்ணத்துப்பூச்சியையும் சிலந்தியையும் பார்த்து ஒதுங்கிப் போகாது.

வலைக்கூண்டுகளைத் தைத்த தையல் கடை அக்காவிடம் இரண்டு விஷயம் கேட்டோம். கொசுவலைக்குப் பதில் ஆர்கன்ஸா துணி வேண்டும், தையல் மடிப்பு வெளிப்பக்கம் வர வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் ஒட்டுண்ணிக் குளவி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், கொசுவலைக் கண் அதற்குக் கோயில் வாசல். மடிப்பு உள்ளே இருந்தால் புழு அதில் புகுந்து நசுங்கும். கூட்டிலிருந்து வெளிவரும் வண்ணத்துப்பூச்சி ஏறித் தொங்குவதற்குத் துணியின் சொரசொரப்பும் வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டியில் அது வழுக்கி விழுந்து, விரியாத இறக்கை அப்படியே காய்ந்து முடமாகிவிடும். கூண்டின் அடியில் சிவப்பாகச் சொட்டியிருந்ததைப் பார்த்து ரத்தம் என்று பதறியவர்கள் உண்டு. கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவைத்தான் வெளிவந்ததும் அது கழிக்கிறது.

வலையில் பெருக்கல் குறி போடும் கையெழுத்துச் சிலந்திகள்தான் அதிகக் கூட்டம் சேர்த்தன. 45 சென்டிமீட்டர் சதுரச் சட்டம், பத்து சென்டிமீட்டர் ஆழம், இரு பக்கமும் கழற்றக்கூடிய கண்ணாடி. சட்டம் இழைக்காத சொரசொரப்பான மரமாக இருந்தால்தான் இழை பிடிக்கும். கண்ணாடியின் உள்பக்கம் வாசலினை மெல்லியதாகத் தடவினால் அங்கே இழை ஒட்டாது, வலை நடுவிலேயே நிற்கும். ஒரு சட்டத்துக்கு ஒரே சிலந்தி. இரண்டு போட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும். மாலையில் பூத்தூறலாகத் தண்ணீர் தெளித்தால் வலையில் தங்கும் துளியைக் குடித்துக்கொள்ளும். இத்தனை செய்தும் வலை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பயனில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி பின்னால் கறுப்புத் துணி கட்டி, விளக்கை முன்னால் இருந்து பக்கவாட்டுக்கு மாற்றிய பிறகுதான் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. காய்ந்த பூச்சிப் பெட்டிகளுக்கு ஒளி 50 லக்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டதும், தேளை ஒளிரவைக்கும் புற ஊதா விளக்கை இருபது நொடியில் தானே அணையும்படி அமைத்ததும் அவர்தான். புதிதாகச் சட்டை உரித்த தேள் அந்த விளக்கில் ஒளிராது, ஓடு இறுகிய பிறகே ஒளிரும். விளக்கு கெட்டுப்போச்சா என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இறந்த சிலந்திகளைக் குப்பியில் வைத்ததற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். ஊசியில் குத்திக் காயவைத்தால் அதன் மென்மையான வயிறு சுருங்கி உருவமே போய்விடும். 70 முதல் 80 சதவீத எத்தனாலில்தான் வைக்க வேண்டும். மூடி தளர்ந்தால் தண்ணீரைவிட ஆல்கஹால் முந்தி ஆவியாகும், மிஞ்சுவது நீர்த்துப்போகும். அளவுமானியோடு வந்து குப்பி குப்பியாகச் சோதித்த கல்லூரி வேதியியல் ஆய்வக உதவியாளருக்கு நன்றி.

விளக்கப் பலகைகளை நாற்பது சொல்லுக்குள் சுருக்கித் தந்த தமிழாசிரியைக்கும். உலக ஆய்வகங்களிலும் ஐரோப்பியப் பள்ளிகளிலும் வளரும் கராசியஸ் மொரோசஸ் என்ற குச்சிப்பூச்சி, பழனி மலைச் செண்பகனூரிலிருந்து போனது என்ற பலகையின் முன்தான் பெரியவர்கள் அதிக நேரம் நின்றார்கள். ஆண் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகும் இனம் அது.

டரான்டுலா ஏன் இல்லை என்று பல பிள்ளைகள் கேட்டார்கள். நம் மலைகளில் மரப்பொந்தில் வாழும் பொய்சிலோதீரியா என்ற டரான்டுலா இனங்கள் எல்லாம் 2019 முதல், வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. வளர்ப்புக்காகத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்பது அவற்றுக்குப் பெரிய ஆபத்து. காட்சிக்கு வைத்தால் அந்த ஆசையைத்தான் வளர்த்துவிடுவோம் என்பது எங்கள் கருத்து. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலோடு எங்கள் இனங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த வனத்துறை அலுவலர்களுக்கு நன்றி.

கண்ணாடியைத் தட்டாதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய மாணவத் தொண்டர்களை மறக்க மாட்டோம். மேசைக் கால்களுக்கு அடியில் இருந்த கிண்ணங்களில் தினமும் தண்ணீர் மாற்றி, சோப்புத் துளி விட்டதும் அவர்களே. வெறும் தண்ணீரில் தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்தே போய்விடும்.

கூடுகட்டிய பட்டுப்புழுக்கள் விவசாயிகளிடமே சேர்ந்துவிட்டன. சிலந்திகளை எடுத்த வேலியிலேயே மாலையில் விட்டாயிற்று. காண்டாமிருக வண்டுகளை மட்டும் திருப்பித் தர வேண்டாம் என்று தென்னந்தோப்புக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அவை வலது முன்னிறக்கையில் ஊசி ஏறி, கேட்ட பள்ளிகளுக்குப் பெட்டியில் போகின்றன. எருக்குழியைக் கிளறி அவற்றின் புழுக்களை எடுத்துத் தந்ததற்கும் நன்றி. இரவல் தந்த கூடை, சாக்கு, ஏணிகள் கூடத்தின் பின்னறையில் பெயர் எழுதி வைக்கப்பட்டுள்ளன. வசதிப்பட்டபோது எடுத்துச் செல்லலாம்.

நன்றியுடன்,
பூச்சி, சிலந்திக் காட்சிக் குழுவினர்